அடுத்த அறைக்குக் கேட்கும் அளவில்

எலெக்ட்ரிக் கிதாரைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் குறைவு. எழுதுகிற சிலரும் மேடையைப் பற்றியோ, ஒரு திரைப்பாடலின் இடையிசையில் அது வந்துபோகிற பத்து நொடிகளைப் பற்றியோதான் எழுதுகிறார்கள். ஆனால் இந்தக் கிதார்களில் பெரும்பாலானவை ஒருநாளும் மேடையேறாதவை. படுக்கையறை மூலையில், பீரோவுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்தில், துணி காயப்போடும் பால்கனிக்கு அடுத்த சின்ன அறையில் அவை சாய்ந்து நிற்கின்றன. இரவுச் சாப்பாடு முடிந்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தபின் கிடைக்கும் அரைமணி நேரத்தில் யாரோ ஒருவர் அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார். பக்கத்திலிருக்கும் ஆம்ப்ளிஃபயரின் வால்யூம் குமிழை மெல்லத் திருப்புகிறார். சற்று அதிகமாகிவிட்டதோ என்று கதவுப் பக்கம் பார்க்கிறார். மறுபடி குறைக்கிறார். அந்தக் குமிழைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டுமென்று நெடுநாளாக எண்ணம்.

கிதாருக்கு மின்சாரம் தேவைப்பட்டதற்கு முதற்காரணம், அது காதில் விழவில்லை என்பது. 1930-களின் அமெரிக்க நடன இசைக்குழுக்களில் ட்ரம்பெட்டும் சாக்ஸஃபோனும் டிரம்ஸும் சேர்ந்து முழங்கும்போது, நடுவில் உட்கார்ந்து கிதார் வாசித்தவரின் ஒலி அவருக்கே கேட்டிருக்குமா என்பது சந்தேகம். பின்னாளில் ரிக்கன்பேக்கர் என்று பெயர் பெற்ற நிறுவனம் 1932-இல் ஒரு மின்கிதாரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நீண்ட கைப்பிடி வைத்த வாணலியைப் போல இருந்ததால் அதற்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. 1936-இல் கிப்சன் நிறுவனத்தின் இஎஸ்-150 வந்தது. 1939-இல் பென்னி குட்மனின் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன் அந்தக் கிதாரைக் கொண்டு, ஊதுகருவிக்காரர்களுக்கு நிகராகத் தனி வாசிப்பு வாசித்துக் காட்டினார். ஆக, ஆம்ப்ளிஃபயர் என்பது தொடக்கத்தில் ஒரு காது மெஷின்தான். ஒப்புமை வேடிக்கையாகத் தோன்றலாம். எங்கள் வீட்டில் அதற்கு வேறொரு பொருள் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

அதன்பிறகு நடந்தது யாரும் திட்டமிடாதது. அந்நாளைய ஆம்ப்கள் எல்லாம் வால்வில் இயங்கியவை. வால்வு ரேடியோ இருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்த ஆரஞ்சு நிற இழையின் ஒளியும், சூடேறிய தூசியின் மணமும் நினைவிருக்கும். ஒரு வால்விடம் அதனால் தரக்கூடியதைவிட அதிகமாகக் கேட்டால், அது ஒலியலையின் உச்சிகளைத் தட்டையாக்கித் தருகிறது. தட்டையான அலையில், மூலத்தில் இல்லாத மேற்சுரங்கள் பிறக்கின்றன. கூடவே இன்னொன்றும் நடக்கிறது. மெல்லத் தொட்ட சுரம் முன்னே வருகிறது. அழுத்தி மீட்டிய சுரம் ஓர் அளவுக்குமேல் போக மறுக்கிறது. இரண்டுக்குமுள்ள இடைவெளி சுருங்கி, சுரம் நின்று நீடிக்கிறது. பொறியாளருக்கு இது குறைபாடு. டிஸ்டார்ஷன் என்று பெயரிட்டு, அதைக் குறைப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தார்கள். ஆனால் 1951-இல் மெம்ஃபிஸில் ‘ராக்கெட் 88’ பதிவானபோது, வழியில் பழுதாகிப்போன ஆம்பின் ஸ்பீக்கரில் காகிதத்தைத் திணித்துச் சமாளித்தார்கள். அந்தக் கரகரப்பு பாட்டோடு பதிந்தது, பாட்டும் பிரபலமானது. 1964-இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் தன்னுடைய சின்னஞ்சிறு ஆம்பின் ஸ்பீக்கர் கூம்பை வேண்டுமென்றே பிளேடால் கிழித்தார். பழுது விரும்பப்படும் குரலாக மாறிய கதை இது. மனிதக் குரலிலும் நாம் அப்படித்தான். கட்டைக் குரலையும் கரகரப்பையும் கொண்டாடிய ஊர் நம்முடையது.

இந்தக் கதையில் பெரும் சத்தம் எப்போது நுழைந்தது என்றால், அரங்குகள் பெரிதானபோது. லண்டனின் மேற்கே ஹான்வெல்லில் டிரம் விற்கும் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் 1962-இல், ஃபெண்டர் பாஸ்மேன் என்கிற அமெரிக்க ஆம்பை மாதிரியாகக் கொண்டு சொந்தமாக ஆம்ப் செய்யத் தொடங்கினார். அவருடைய வாடிக்கையாளர்களில் த ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்டும் ஒருவர். இன்னும் சத்தம் வேண்டும் என்று அவர் கேட்கப்போய், 1965-இல் 100 வாட் ஆம்ப் பிறந்தது. மேடையில் பாடுபவரின் மைக்குக்கான ஒலியமைப்பே அந்நாளில் பலவீனமானது. அரங்கத்தின் கடைசி வரிசைவரை கிதாரைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு ஆம்பின் தலையிலேயே இருந்தது. நான்கு ஸ்பீக்கர்கள் கொண்ட பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஆளுயரத்துக்குச் சுவர் எழுப்பி, அந்த வால்வுகளை அவற்றின் எல்லைவரை ஓட்டியபோது கேட்ட குரல்தான், இன்று நம்மில் பலருக்கும் எலெக்ட்ரிக் கிதார் என்றதும் மனத்தில் எழுவது. அதாவது நாம் ஆசைப்படும் தொனி, அளவுமீறிய சத்தத்தின் பக்கவிளைவு. விளைவு மட்டும் வேண்டும், சத்தம் வேண்டாம் என்று கேட்கிறான் வீட்டில் வாசிப்பவன். கரும்பு வேண்டும், சக்கை வேண்டாம் என்று கேட்பதைப்போல இது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் இயற்பியல் அவ்வளவு எளிதில் இணங்குவதில்லை.

சின்ன ஆம்ப் வாங்கினால் போதுமே என்று தோன்றும். கடைக்காரர்களும் அதைத்தான் சொல்வார்கள்: 100 வாட் மேடைக்கு, 5 வாட் வீட்டுக்கு. காது வாட்டை அப்படி எண்ணுவதில்லை. மின்திறனைப் பாதியாக்கினால் ஒலி குறைவது 3 டெசிபெல். கவனித்துக் கேட்டால் மட்டுமே தெரியும் வேறுபாடு அது. சத்தம் பாதியாகிவிட்டது என்று காது ஒப்புக்கொள்ள ஏறத்தாழ 10 டெசிபெல் குறைய வேண்டும். அதற்குத் திறனைப் பத்தில் ஒன்றாக்க வேண்டும். 100 வாட்டிலிருந்து 5 வாட்டுக்கு இறங்கினால் 13 டெசிபெல். இருபதில் ஒரு பங்கு மின்சாரம், ஆனால் சத்தம் பாதிக்குச் சற்றே கீழே. 1970-இல் வெளிவந்த ‘லைலா’ இசைத்தொகுப்பில் எரிக் கிளாப்டன் பயன்படுத்தியது ஃபெண்டர் சாம்ப் என்னும், 5 வாட் அளவிலான ஆம்ப். அந்தக் கிதாரைக் கேட்டுவிட்டு அதைச் ‘சின்ன’ ஆம்ப் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. கிதார் ஸ்பீக்கர்கள் குறைந்த மின்சாரத்தில் நிறைய ஒலி எழுப்பும்படி செய்யப்பட்டவை. ஒரே ஒரு வாட் கொடுத்தால் 1 மீட்டர் தொலைவில் 95 முதல் 100 டெசிபெல்வரை வரும். வீட்டில் இருவர் பேசிக்கொள்வது 60 டெசிபெல் அளவில். பேச்சைவிடக் கொஞ்சம் உரக்க, 70 டெசிபெல்லில் வாசிக்கலாம் என்று வைத்துக்கொண்டால், அதற்குத் தேவைப்படுவது ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் இரண்டு மூன்று பங்கு. என்னிடமுள்ள ஆம்ப் 15 வாட் வால்வு ஆம்ப். அதன் குமிழில் ஒன்று முதல் பத்துவரை எண்கள் இருக்கின்றன. சென்னையில் நாலரை அங்குலச் சுவர்கள் கொண்ட மூன்றாம் மாடி வீட்டில், பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவிலேயே என் வாசிப்பு முழுவதும் நடந்துகொண்டிருக்கிறது. மற்ற ஒன்பது எண்களும் ஆளில்லாத மாடிகள்.

சரி, சத்தம் குறைந்தால் அதே ஒலி சிறியதாகக் கேட்கும், அவ்வளவுதானே என்று கேட்கலாம். அப்படியும் இல்லை. 1933-இல் பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் மனிதச் செவியின் ஒரு விசித்திரத்தை வரைபடமாக்கினார்கள். சத்தம் குறையக் குறைய நம் காது எல்லா ஒலிகளையும் ஒரே விகிதத்தில் இழப்பதில்லை. கீழ்ச்சுரங்கள்தாம் முதலில் காணாமல் போகின்றன. 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபெல்லாகக் கேட்கும் ஒலிக்கு நிகராக 100 ஹெர்ட்ஸ் ஒலி கேட்க வேண்டுமானால், அதற்கு இருபது டெசிபெல்லுக்கும் மேல் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். மேல் கோடியிலும் ஓரளவு இழப்பு உண்டு. எஞ்சுவது நடுப்பகுதி, தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோன்ற ஒன்று. அரங்கத்தில் வயிற்றில் மோதிய அதே தந்தி வீட்டில் கொசுவாகிவிடுவதற்கு ஆம்பைக் குறைசொல்லிப் பயனில்லை. ஸ்பீக்கரின் கூம்பு அசையவில்லை, அறையின் காற்று அசையவில்லை, மடியிலிருக்கும் கிதாரின் மரமும் அதிரவில்லை. உரத்த ஒலி தந்தியைத் திரும்ப அதிரச்செய்து, சுரம் தானாகவே வளர்ந்துகொண்டே போகும் அந்த மாயமும் இல்லை. இங்கே விரலை எடுத்தால் சுரம் போயிற்று.

இரைச்சல் மட்டும் குறைய மறுக்கிறது. இசை சிறுத்துவிட்டதால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ரீங்காரம் பெரிதாகத் தெரியும். பழைய கட்டடமென்றால் எர்த் சரியாக இருக்காது. தந்தியில் கை வைத்தால் ரீங்காரம் அடங்கும், எடுத்தால் எழும். மின்வெட்டு நேரத்தில் சாதாரண இன்வெர்ட்டரில் ஆம்பைப் போட்டால் கேட்கவே வேண்டாம், கிதாருக்குள் வண்டு புகுந்ததுபோல இருக்கும்.

இதற்கெல்லாம் மருந்து தேடி அலைந்தவர்களின் வரலாறு நீளமானது. அதில் எனக்குப் பிடித்த ஒருவரை மட்டும் சொல்கிறேன். டாம் ஷோல்ஸ். எம்.ஐ.டி.யில் இயந்திரப் பொறியியல் படித்து, போலராய்டு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே, தன் வீட்டு நிலவறையில் இரவிரவாகக் கிதார் பதிவுசெய்தவர். 1976-இல் வெளிவந்த பாஸ்டன் குழுவின் முதல் இசைத்தொகுப்பில் பெரும்பகுதி அந்த நிலவறையில் உருவானது. பிறகு அவர் ‘பவர் சோக்’ என்றொரு பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில் அதை மாட்டினால், வால்வுகள் முழுமூச்சாக உழைக்கும்; அந்த உழைப்பில் பெரும்பங்கைப் பெட்டி வெப்பமாக்கிவிடும்; மிச்சம் கொஞ்சம் ஒலியாக வெளிவரும். கரும்புச் சக்கையை அடுப்பில் போடுவது இதுதான். 1982-இல், ஹெட்ஃபோன் மாட்டி வாசிக்கும் ‘ராக்மேன்’ என்ற கைப்பிடியளவுக் கருவியையும் அவரே தந்தார். 1998-இல் லைன் 6 நிறுவனத்தின் ‘பாட்’ வந்தபின் வால்வே வேண்டாமென்றாகிவிட்டது. வால்வு எப்படி நடந்துகொள்ளும் என்பதை மென்பொருள் கணக்கிட்டுத் தருகிறது. இன்று இருபதாயிரம் ரூபாய்க்குள் மேசைமேல் வைக்கும் பெட்டியில் நாற்பது ஆம்ப்களின் போலிக்குரல்கள் கிடைக்கின்றன, நன்றாகவே இருக்கின்றன. ஆனாலும் ஃப்ளெட்சர், மன்சனின் வளைவு மட்டும் அப்படியே இருக்கிறது. அது பெட்டியில் இல்லையே, காதில் அல்லவா இருக்கிறது.

ஹெட்ஃபோனைப் பற்றி ஒரு வார்த்தை. அது எல்லாப் பிரச்சினைகளையும் தீர்த்துவிடுகிறது என்பதே அதன்மீது எனக்குள்ள மனக்குறை. தன் செவித்திறன் கெட்டதற்கு மேடைச் சத்தத்தைவிட ஸ்டூடியோவில் அணிந்த ஹெட்ஃபோன்களே காரணம் என்று 2006-இல் பீட் டவுன்ஷெண்ட் தம் இணையதளத்தில் எழுதினார். 100 வாட் ஆம்பைக் கேட்டு வாங்கிய மனிதர் சொல்வதால் அதற்கொரு கனம் உண்டு. அது ஒருபுறமிருக்க, ஹெட்ஃபோன் மாட்டியவன் வீட்டில் இல்லாதவன். உள்ளே பேரரங்கம், வெளியே, ஒலிபெருக்காத எட்டு இழை பத்து இழைக் கம்பிகளின் வறண்ட நெருடல். சில மாதங்கள் அப்படி வாசித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் என் மனைவி சொன்னாள்: “சீப்ப வெச்சு நெருடிக்கிட்டே உக்காந்திருக்கற மாதிரி இருக்கு. நடுநடுவுல கண்ண வேற மூடிக்கறீங்க.” அதன்பிறகு கண்ணை மூட முடியவில்லை.

ஆகவே திறந்த ஒலியில், சிறிய அளவில். இரவு பத்து மணிக்குள் முடித்துவிட வேண்டும் என்பது நானே வகுத்துக்கொண்ட விதி. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல்லும், பத்து மணிக்குமேல் 45 டெசிபெல்லும் என்று சொல்கின்றன. எங்கள் தெருவில் பகலில் 55 என்பது ஒரு கவிதை நயமான எண். ஆட்டோவும், தண்ணீர் லாரியும், நான்கு வீட்டுக் குக்கரும், போர்வெல் மோட்டாரும் சேர்ந்து அதை எப்போதோ தாண்டிவிட்டன. ஒருவகையில் அது வாசிப்பவனுக்குச் சலுகை. ஒன்பதரை மணிக்குமேல் தெரு அடங்கும்போதுதான் நாம் எவ்வளவு சத்தம் போடுகிறோம் என்பது தெரியும்.

கீழ்வீட்டுக்காரர் வங்கியில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். மிகுந்த தயக்கத்தோடு ஒருநாள் மேலே வந்தார். “சார், தப்பா நெனச்சுக்கக் கூடாது. ராத்திரில உங்க வீட்டுல மோட்டார் ஏதாச்சும் ஓடுதா?” என்றார். நான் கிதாரைக் காட்டினேன். அவர் நம்பவில்லை. “பாட்டே கேக்கல சார். பாட்டு கேட்டாக்கூடப் பரவாயில்ல. எங்கயோ மாவு மில் ஓடற மாதிரி தும்முன்னு ஒண்ணு வருது. சுவத்துல கை வெச்சா தெரியுது.” அவர் சொன்னது துல்லியமான அவதானிப்பு. மேல்சுரங்களைச் சுவர் விழுங்கிவிடும். கீழ்ச்சுரங்களுக்குச் சுவர் ஒரு பொருட்டில்லை; அதிலும் ஆம்ப் தரையில் இருந்தால், கான்கிரீட் தளமே ஸ்பீக்கராகிக் கீழ்வீட்டின் உத்தரத்தில் பேசும். என் காதில் விழாமல் போன அதே கீழ்ச்சுரங்கள் அத்தனையும் அவர் வீட்டில் இறங்கிக்கொண்டிருந்தன. அன்றே ஆம்பைத் தரையிலிருந்து எடுத்து, பழைய இலவம்பஞ்சுத் தலையணை ஒன்றை மடித்து நாற்காலியில் போட்டு, அதன்மேல் வைத்தேன். பாஸ் குமிழையும் குறைத்தேன். என் காதுக்குக் கூடுதல் பாஸ் வேண்டும், அவர் சுவருக்குக் குறைவான பாஸ் வேண்டும் என்ற வழக்கில் அவர் பக்கம் தீர்ப்பானது. வாரம் கழித்துப் படிக்கட்டில் பார்த்தபோது, “மில்ல மூடிட்டாங்க போல” என்றார்.

இப்படிப் பாஸை எடுத்துவிட்டுச் சிறிய ஒலியில் வாசித்தபோது, விரல்களின் வேலை கூடிவிட்டது. உரத்த ஆம்பில் டிஸ்டார்ஷன் எல்லாவற்றையும் ஒரு போர்வையால் மூடிவிடும். மெல்லியதும் அழுத்தமானதும் ஒன்றாகவே வெளிவரும். வீட்டளவில் ஒவ்வொரு மீட்டலின் எடையும் தனித்தனியாகத் தெரியும். வீணை வீட்டில் வாழ்ந்த கருவி. கூடத்தில் ஒருவர் வாசித்தால் அடுக்களையில் இருப்பவருக்குக் கேட்கும், தெருவுக்குக் கேட்காது. மைக்கில்லாத வீணையை மூன்றடி தூரத்தில் உட்கார்ந்து கேட்டவர்கள், சபாவில் அதையே கேட்டுத் திருப்தியடைவது கடினம். மின்கிதார் எதிர்த்திசையில், மேடையிலிருந்து கூடத்துக்குத் திரும்பி வந்த கருவி. மின்சாரம் என்பது சத்தத்துக்கு மட்டுமானது என்று நினைக்கவும் வேண்டியதில்லை. மாண்டலின் ஸ்ரீனிவாஸ் (1969–2014) வாசித்தது மின்சார மாண்டலின். சாதாரண மாண்டலினில் தட்டிய சுரம் உடனே அவிந்துவிடும். நில்லாத சுரத்தில் கமகம் ஏது? மின்சாரம் அவருக்குத் தந்தது முதன்மையாக நேரத்தை, சுரம் உயிரோடிருக்கும் அந்தக் கூடுதல் நொடியை.

இனி காது மெஷின். என் அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. முதுமையில் வரும் செவிக்குறை. பரிசோதனைத் தாளில் கோடு 1000 ஹெர்ட்ஸ்வரை ஏறக்குறையச் சமதரையாக வந்து, 2000-க்குமேல் படிக்கட்டில் உருண்டதுபோல இறங்குகிறது. உயிரெழுத்துகளின் ஒலி பெரும்பாலும் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. ச, த, ப, க என்று சொல்லைச் சொல்லிலிருந்து பிரித்துக்காட்டும் மெய்களின் நுட்பம் மேல்பகுதியில். அதனால் அம்மாவுக்குப் பேச்சு கேட்கும், என்ன பேச்சு என்று தெரியாது. பால் என்றால் கால் என்று எடுத்துக்கொள்வாள். உரக்கச் சொன்னால், “ஏன் கத்தறே?” என்பாள். அதிலும் உண்மை உண்டு. இவ்வகைச் செவிக்குறையில், மெல்லிய ஒலி கேட்பதில்லை. ஒலி கூடிக்கொண்டே போனால் திடீரென்று தாங்க முடியாததாகிவிடுகிறது. கேட்காததற்கும் வலிப்பதற்கும் நடுவிலுள்ள இடம் ஒரு சந்து. குக்கர் விசிலுக்கு எங்கள் வீட்டில் திடுக்கிடுகிறவள் அவள் ஒருத்திதான்.

காது மெஷினைப் பொருத்திய செவியியல் நிபுணர் கணினியில் குமிழ்களைத் திருப்பியபடி எங்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். கெய்ன், கம்ப்ரெஷன், ஃபீட்பேக் — எல்லாம் எனக்குப் பழகிய சொற்கள். மெல்லிய ஒலியை அதிகமாகவும் உரத்த ஒலியைக் குறைவாகவும் பெருக்கி, அந்தச் சந்துக்குள் உலகத்தை அடக்குவது அதன் வேலை. வால்வு தன் பலவீனத்தால் செய்வதை இது அறிந்து செய்கிறது. பேச்சுக்கு அது நன்றாகவே உதவுகிறது. இசைக்குத்தான் சிக்கல். நீண்டு ஒலிக்கும் ஒரு சுரத்தை அது ஃபீட்பேக் என்று சந்தேகித்து அடக்கப் பார்க்கிறது. சுரம் தண்ணீருக்குள் போனதுபோல நடுங்குகிறது. நான் வாசிக்கத் தொடங்கினால் அம்மா மெஷினைக் கழற்றிச் சின்னப் பெட்டியில் போட்டு மூடிவிடுவாள். முதலில் சில நாள் அதைக் கண்டனம் என்றே எடுத்துக்கொண்டோம். பிறகுதான் கவனித்தோம், கழற்றிவிட்டு அவள் கண்ணாடியையும் கழற்றிவைத்து, எங்கள் அறைப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள்.

கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. கிதாரின் அடித்தந்தி 82 ஹெர்ட்ஸ். மேல்தந்தியின் பன்னிரண்டாம் கட்டை 659. கடைசிக் கட்டைவரை போனாலும் 1200-ஐ ஒட்டித்தான் நிற்கும். கிதார் ஸ்பீக்கரும் 5000-க்குமேல் ஏதும் பேசாது. அம்மாவிடம் எஞ்சியிருக்கும் சமதரை முழுவதும் கிதார் புழங்குகிற இடம். கீழ்வீட்டுக்காரருக்காகப் பாஸைக் குறைத்ததில் அந்த நடுப்பகுதி இன்னும் துலக்கமாகிவிட்டது. ஐம்பதுகளின் திரைப்பாட்டு மெட்டு ஒன்றை வாசித்து முடித்தபோது, எழுந்து உட்கார்ந்து அடுத்த அறையிலிருந்து சொன்னாள்: “நீ பேசறதவிட அது பேசறது தெளிவா இருக்குடா.”

அன்று முதல், தொனியைப் பற்றி நான் படித்தவை எல்லாம் கொஞ்சம் பின்னால் போய்விட்டன. வால்வு எங்கே கரகரக்கத் தொடங்குகிறது என்பதை விட்டுவிட்டு, அம்மாவுக்கு எங்கே கேட்கத் தொடங்குகிறது என்று தேடினேன். டிஸ்டார்ஷனை முற்றாக எடுத்துவிட்டேன். மேற்சுரங்கள் பெருகினால் அவளுக்குச் சுரம் கலங்குகிறது. குமிழை நூலளவாக ஏற்றிக்கொண்டே போய், அவள் தலை அசைந்த இடத்தில் நிறுத்தினேன். மறுநாள் அந்த இடம் மறந்துவிடக்கூடாதே என்று, அவளுடைய ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து ஆம்பின் முகப்பில் குமிழுக்கு நேராக ஒட்டிவைத்தேன். கருஞ்சிவப்பு, மிகச் சிறியது.

அது 2022-இல். இப்போது மூன்று பொட்டுகள் இருக்கின்றன. இரண்டாவது முதலாவதுக்கு ஓர் அரிசி அகலம் மேலே. மூன்றாவது போன தீபாவளிக்குப் பிறகு ஒட்டியது. அதற்குமேல் போனால் மில் மறுபடி ஓடத் தொடங்கும். கீழ்வீட்டில் அவர் மனைவிக்கு இப்போது உடல்நிலை சரியில்லை, ஒன்பது மணிக்கே விளக்கை அணைத்துவிடுகிறார்கள்.

ஆகவே குமிழைத் தொடவில்லை. ஆம்பை நகர்த்தினேன். முதலில் எங்கள் அறை வாசலுக்கு, பிறகு கூடத்துக்கு, பிறகு அம்மாவின் அறைக்குள். தூரம் பாதியானால் 6 டெசிபெல் கூடும் என்பது திறந்தவெளிக் கணக்கு. அறைக்குள் சற்றுக் குறையும். அது போதுமானதாக இருக்கிறது. கட்டிலின் தலைமாட்டில், மாத்திரை டப்பாவும் வெந்நீர் ஃபிளாஸ்க்கும் வைக்கும் முக்காலிக்குப் பக்கத்தில், இலவம்பஞ்சுத் தலையணைமேல் ஆம்ப் இருக்கிறது. குமிழ் இரண்டாம் பொட்டில் நிற்கிறது. நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து வாசிக்கிறேன். நேற்று மின்சாரம் போய், இன்வெர்ட்டரில் அந்த வண்டு இரையத் தொடங்கியதும் ஆம்பை அணைத்துவிட்டேன். கம்பிகளின் நெருடல் மட்டும்தான் மிச்சம். அம்மா கை நீட்டி, கிதாரின் உடல்மரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.